ஊசி போட அல்ல, பில் கேட்க அல்ல... பக்கத்தில் உட்கார ஓர் ஆள்! - பெரம்பலூர், அரியலூர் மருத்துவமனைகளுக்கு ஏன் தேவை?

இரவு பதினொன்றரை மணிக்கு ஜி.ஹெச் வராந்தா எப்படி இருக்கும் என்று பெரம்பலூர்க்காரர்களுக்கும் அரியலூர்க்காரர்களுக்கும் விளக்க வேண்டியதில்லை. திருச்சி - சென்னை நெடுஞ்சாலையில் டூ வீலரோடு விழுந்த ஒருவரை 108 ஆம்புலன்ஸ் கொண்டுவந்து இறக்கும். பின்னாலேயே ஊரிலிருந்து ஒரு லோடு ஆட்டோவில் பத்துப் பேர் வந்து இறங்குவார்கள். "தலையில அடி பட்டிருக்கு. உள்ள ரத்தக் கசிவு. திருச்சிக்குத்தான் அனுப்பணும். யாராச்சும் ஒருத்தர் வந்து கையெழுத்து போடுங்க" என்று டூட்டி டாக்டர் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். எல்லாம் சேர்த்து அரை நிமிடம்.

டாக்டரைக் குறை சொல்ல முடியாது. அடுத்த கட்டிலில் மக்காச்சோளக் காட்டில் பாம்பு கடித்தவர். அதற்கடுத்து மூச்சு வாங்கும் பாட்டி. ஆனால் இந்தப் பக்கம் நிற்கும் மனைவிக்கு அந்த அரை நிமிடத்துக்குப் பிறகுதான் எல்லாமே ஆரம்பிக்கிறது. ரத்தக் கசிவு என்றால் பிழைப்பாரா, மாட்டாரா? அறுபது கிலோமீட்டர் தாண்டித் திருச்சி போவதற்குள் ஏதாவது ஆகிவிட்டால்? கையில் இருக்கும் காசு போதுமா? வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது? இதையெல்லாம் அவர் யாரிடம் கேட்பார்?

வாசலில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணனிடம். தரை துடைக்கும் ஆயாம்மாவிடம். பக்கத்துக் கட்டிலுக்கு ஃபிளாஸ்க்கோடு வந்திருக்கும், பெயர்கூடத் தெரியாத ஓர் அக்காவிடம். "அழாத தாயி, முதல்ல இந்தத் தண்ணியக் குடி" என்று அவர்கள்தான் தோளைப் பிடித்து உட்காரவைப்பார்கள். அவர்களில் யாருக்கும் இது வேலையே இல்லை. டூட்டி சார்ட்டில் இது வராது, சம்பளத்திலும் சேராது.

இதையே ஒரு வேலையாக வைத்து, அதற்குப் பயிற்சி கொடுத்து, சம்பளமும் கொடுக்கும் மருத்துவமனைகள் உலகில் நிறைய உண்டு. ஒன்று நம் மாநிலத்திலேயே இருக்கிறது.

போர்வையிலிருந்து வந்த பெயர்

அந்த வேலையைச் செய்பவரை ஆங்கிலத்தில் 'சாப்லின்' என்பார்கள். சிரிக்க வைக்கும் சார்லி சாப்ளினுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. நான்காம் நூற்றாண்டில் மார்ட்டின் என்ற ரோமானியப் படைவீரர், குளிரில் விறைத்துக் கிடந்த பிச்சைக்காரருக்குத் தன் போர்வையை வாளால் பாதியாகக் கிழித்துக் கொடுத்தாராம். மிச்சப் போர்வையை அரசர்கள் புனிதப் பொருளாகப் பாதுகாத்தார்கள். போர்வை என்பதற்கான லத்தீன் சொல்லிலிருந்து, அதைக் காத்த குருக்களுக்கு வந்த பெயர்தான் சாப்லின். மயிலுக்குப் போர்வை கொடுத்த நம் பேகனுக்கு, ஐரோப்பாவில் ஒரு பங்காளி இருந்திருக்கிறார்!

வேலூர் சி.எம்.சி மருத்துவமனையில் சாப்லின்களுக்கென்று ஒரு துறையே இருக்கிறது. 1900-ல் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய சிகிச்சை மையம், இன்று பெரம்பலூரிலிருந்தும் அரியலூரிலிருந்தும்கூட 'கடைசியா வேலூர் போய்ப் பாத்துருவோம்' என்று குடும்பங்கள் கிளம்பிப் போகிற இடம். மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் மக்கள் வருகிறார்கள். மொழி தெரியாது, ஊர் தெரியாது, கையில் ஒரு ஃபைல் மட்டும் இருக்கும். அப்படிப்பட்டவர்களின் கட்டில் பக்கத்தில் வந்து உட்காருவதுதான் சாப்லினின் வேலை. விரும்பிக் கேட்பவர்களுக்குப் பிரார்த்தனை. வேண்டாம் என்பவர்களுக்குக் காது.

சி.எம்.சி கிறிஸ்தவ நிறுவனம். அதனால் அங்கே சாப்லின் இருப்பதில் ஆச்சர்யமில்லை என்று தோன்றலாம். ஆனால், நவீன சாப்லின் பயிற்சி தொடங்கியதே ஒரு மனநல மருத்துவமனையில்தான். ஆன்டன் பாய்சன் என்ற அமெரிக்கப் பாதிரியார் 1920-ல் மனம் சிதைந்து, தானே நோயாளியாக மருத்துவமனையில் கிடந்தவர். 'உடம்பைப் பார்க்க இங்கே இத்தனை பேர் இருக்கிறார்கள். உள்ளே நடப்பதைக் கேட்க ஒருவரும் இல்லையே' என்பது அவர் அங்கே கிடந்து கற்றுக்கொண்ட பாடம். குணமாகி வெளியே வந்து, 1925-ல் மாசசூசெட்ஸில் வூஸ்டர் அரசு மனநல மருத்துவமனையில் இறையியல் மாணவர்களை வார்டுக்குள் கூட்டிவந்து பயிற்சி கொடுத்தார். போதனை செய்ய அல்ல, நோயாளியிடமிருந்து கற்றுக்கொள்ள! இன்றைக்கும் சாப்லின் பயிற்சியின் அடிப்படை அதுதான். என்ன பேசுவது என்பதைவிட, எப்போது பேசாமல் இருப்பது என்பதைப் பழகுவதற்கே அங்கே நேரம் அதிகம் போகிறது.

14 நிமிடம் பேசவிட்டால் என்ன ஆகும்?

'ஆறுதல் சொல்றதெல்லாம் சரி, அதனால நோய் குணமாகுமா?' என்று கேட்பவர்களுக்காக ஓர் ஆய்வு. 2007-ல் பிரான்சில் 22 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், சாகும் தறுவாயில் இருந்த 126 நோயாளிகளின் குடும்பங்களைப் பற்றியது. ஒரு பாதிக் குடும்பங்களுக்கு வழக்கமான சந்திப்பு. மறுபாதிக்குக் கூடுதல் நேரம், கூடவே துக்கத்தைக் கையாள்வது பற்றி ஒரு சிறு கையேடு. வழக்கமான சந்திப்பில் குடும்பத்தினர் பேசிய நேரம் சராசரியாக 5 நிமிடம். கூடுதல் நேரம் கிடைத்தவர்கள் பேசியது 14 நிமிடம். மூன்று மாதம் கழித்து அந்தக் குடும்பங்களைத் தொலைபேசியில் அழைத்து விசாரித்தார்கள். அதிர்ச்சியின் பாதிப்பு அறிகுறிகள், முதல் பிரிவில் 69 சதவிகிதம் பேரிடம் இருந்தன. இரண்டாவது பிரிவில் 45 சதவிகிதம்.

இரண்டு பிரிவிலும் நோயாளிகள் மரணத்தின் விளிம்பில்தான் இருந்தார்கள். வித்தியாசம், மிச்சமிருந்தவர்கள் வீட்டுக்கு எதைச் சுமந்துகொண்டு போனார்கள் என்பதில்தான்.

பேச்சுக்கு இடமில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். 2024 நவம்பர் 13 அன்று, சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் பாலாஜியை, நோயாளி ஒருவரின் மகன் கத்தியால் குத்தினார். அம்மாவுக்குக் கொடுத்த சிகிச்சை சரியில்லை என்ற ஆத்திரமே காரணம் என்று அப்போது சொல்லப்பட்டது. மருத்துவர் உயிர் பிழைத்தார். அந்த வன்முறைக்கு எந்த நியாயமும் கிடையாது. மருத்துவமனை ஊழியர்களைத் தாக்குவோரைத் தண்டிக்க 2008-லேயே தமிழகத்தில் தனிச் சட்டம் வந்துவிட்டது. சம்பவத்துக்குப் பிறகு பேச்செல்லாம் போலீஸ், கேமரா, நுழைவுச்சீட்டு என்றே போனது. அவையும் தேவைதான். ஆனால் ஓர் ஆத்திரம் மாதக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகும்போது, அதை முதலில் கண்டுபிடிக்கக்கூடியது மெட்டல் டிடெக்டர் அல்ல, அந்தக் குடும்பத்தோடு தினமும் பேசும் ஒரு மனிதர்.

வெள்ளைக் கோட்டுக்குள் எரிவது

இப்போது கட்டிலின் மறுபக்கம் வருவோம். பர்ன் அவுட் என்ற சொல்லை மருத்துவ உலகத்துக்குக் கொண்டுவந்த ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர், 1974-ல் அதை எழுதியது நியூயார்க்கில் ஓர் இலவச கிளினிக்கில் வேலை பார்த்தவர்களைப் பார்த்துத்தான். ஆர்வத்தோடு வந்தவர்கள் சில மாதங்களில் திரி கருகிய விளக்குபோல ஆகிவிடுவதை அவர் கவனித்தார். அவரும் அதில் ஒருவர். 2019-ல் உலக சுகாதார நிறுவனம் இதை வேலையால் வரும் பாதிப்பு என்று தன் பட்டியலில் வரையறுத்தது. நோய் என்று அல்ல. அதற்கு மூன்று அடையாளங்கள்: உடம்பும் மனமும் வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, 'நான் செய்யறதால என்ன ஆகிடப்போவுது' என்ற எண்ணம் வருவது.

நமக்கு வெளியே தெரிவது இரண்டாவது அடையாளம் மட்டும்தான். 'அந்த நர்ஸம்மா எரிஞ்சு விழுது', 'அந்த டாக்டர் மொகத்தப் பாத்தே பேச மாட்டேங்கிறாரு' என்று வெளியே வந்து சொல்கிறோமே, அது பல நேரம் திமிர் அல்ல. காலையில் ஒரு குழந்தை கையிலேயே போயிருக்கும். துணியால் மூடி, ரெஜிஸ்டரில் எழுதி, கை கழுவிவிட்டு அடுத்த குழந்தைக்கு ட்ரிப் போட நடந்திருப்பார். நடுவில் ஒரு டீ குடிக்கவும் நேரம் இருந்திருக்காது.

மருத்துவ மேற்படிப்பு மாணவர்களின் வேலைநேரம் வாரத்துக்கு 48 மணி என்று மத்திய அரசின் உத்தரவு 1992-லேயே சொன்னது. 2024-ல் தேசிய மருத்துவ ஆணையத்தின் மனநலப் பணிக்குழு, வாரத்துக்கு 74 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம், ஒருநாள் விடுமுறை கொடுங்கள் என்று பரிந்துரைத்தது. முப்பத்திரண்டு வருடத்தில் 48, 74 ஆகியிருக்கிறது! அதுவும் 'குறைக்கச் சொல்லும்' பரிந்துரையில்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஆள் பற்றாக்குறைக்கு சாப்லின் மருந்து அல்ல. இரண்டு நர்ஸ் பார்க்க வேண்டிய வார்டை ஒருவரிடம் விட்டுவிட்டு, 'மனசு விட்டுப் பேசுங்க' என்று ஆலோசகரை அனுப்புவது ஏமாற்று வேலை. முதலில் ஆள் போட வேண்டும். ஆள் போட்டாலும் மரணங்கள் இருக்கும், அவற்றைப் பார்த்த கண்கள் இருக்கும். சாப்லினின் வேலை அங்கேதான்.

அது எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜொனாதன் பார்ட்டல்ஸ் என்ற அவசரப் பிரிவு நர்ஸ். ஒருநாள் எவ்வளவோ போராடியும் ஒரு நோயாளி இறந்துவிட, எல்லோரும் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுக் கலைந்தார்கள். அங்கிருந்த சாப்லின், 'ஒரு நிமிடம் நில்லுங்கள்' என்று நிறுத்தி, இறந்தவருக்காகப் பிரார்த்தனை செய்தார். பார்ட்டல்ஸ் மனதில் அது தங்கிவிட்டது. எல்லா மதத்தினரும், மத நம்பிக்கை இல்லாதவர்களும் சேரும்படி அதை அவர் மௌனமாக மாற்றினார். ஒரு மரணம் நடந்தவுடன், அங்கிருக்கும் யாராவது ஒருவர் 'இவரும் யாரோ ஒருவருக்குப் பிள்ளை, யாரோ ஒருவருக்கு உறவு. நாமும் நம்மால் முடிந்ததைச் செய்தோம்' என்கிற மாதிரி இரண்டு வாக்கியம் சொல்வார். பிறகு ஒரு நிமிடத்துக்கும் குறைவான மௌனம். அவ்வளவுதான். 'பாஸ்' என்ற பெயரில் இது பல நாடுகளுக்குப் பரவிவிட்டது. செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

சில மருத்துவமனைகளில் சாப்லின்கள் தள்ளுவண்டியில் டீயும் பிஸ்கட்டும் வைத்துக்கொண்டு, நோயாளிகளிடம் அல்ல, நர்ஸுகளிடம் போகிறார்கள். டீயைக் கொடுத்துவிட்டு அங்கேயே ஐந்து நிமிடம் நிற்பது. டீ ஒரு சாக்குதான். இன்னொரு முறையும் உண்டு. மாதத்துக்கு ஒருமுறை டாக்டர், நர்ஸ், துப்புரவுப் பணியாளர் எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து, தங்களைப் பாதித்த ஒரு நோயாளியைப் பற்றிப் பேசுவார்கள். மருந்து பற்றி அல்ல, மனசு பற்றி. நுரையீரல் புற்றுநோயால் 1995-ல் இறந்த பாஸ்டன் வழக்கறிஞர் கென் ஷ்வார்ட்ஸின் பெயரால் நடக்கும் சந்திப்புகள் இவை. பிரிட்டனில் 2018-ல் வெளியான ஆய்வில், தொடர்ந்து இதில் கலந்துகொண்ட ஊழியர்களிடையே மன அழுத்தத்தில் இருந்தவர்களின் பங்கு 25 சதவிகிதத்திலிருந்து 12 ஆகக் குறைந்தது. வராதவர்களிடம் பெரிய மாற்றமில்லை.

'மதத்தை உள்ளே கொண்டு வர்றீங்களா?'

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். வர வேண்டிய கேள்வியும்கூட. பலவீனமாகப் படுத்துக் கிடக்கும் ஒருவரிடம் போய் மதம் பேசுவது அநாகரிகம். முறையாகப் பயிற்சி பெற்ற சாப்லின்களுக்கான நடத்தை விதிகளும் அதைத்தான் சொல்கின்றன. நோயாளியின் நம்பிக்கை எதுவோ அதற்குள் நின்று துணையாக இருக்கலாம், தன் நம்பிக்கையைத் திணிக்கக் கூடாது. நெதர்லாந்திலும் பிரிட்டனிலும் கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களே சாப்லின் பணியில் இருக்கிறார்கள். பிரிட்டன் அரசு மருத்துவமனைகளில் இந்து, இஸ்லாமிய சாப்லின்களும் உண்டு.

தவிர, நம் ஊர் மருத்துவமனைக்குள் நம்பிக்கை ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கிறது. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் திங்களும் வெள்ளியும்தான் முக்கியமாகத் திறக்கும். அதே சிறுவாச்சூரில்தான் தனியார் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது. தலையணைக்கு அடியில் குங்குமப் பொட்டலம், கையில் தர்கா கயிறு, கட்டில் கம்பியில் ஜெபமாலை என்பதெல்லாம் எந்த வார்டிலும் பார்க்கக்கூடியவை. அரியலூர் மாவட்டம் ஏலாக்குறிச்சியில், அடைக்கல மாதா கோயிலைக் கட்டிய வீரமாமுனிவர், அரியலூர் மழவராயர் ஒருவருக்கு வந்த ராஜபிளவைக் கட்டியை மூலிகை மருந்து போட்டு ஆற்றினார் என்று ஒரு கதையை ஊரில் இன்றும் சொல்கிறார்கள். கதை நடந்ததோ இல்லையோ, பாதிரியார் கையில் ஜெபப் புத்தகத்தோடு மருந்தையும் சேர்த்துக் கொடுத்த ஊர் இது.

மதம் கலந்த பெயர் வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். பெயர் முக்கியமில்லை, பணியிடம் முக்கியம். இதில் நாம் முதல் புள்ளியிலிருந்து தொடங்க வேண்டியதும் இல்லை. 1986-ல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி தொற்று சென்னையில் கண்டறியப்பட்டது. 'பாசிட்டிவ்' என்ற ஒரு சொல்லைக் காகிதத்தில் எழுதிக் கையில் கொடுத்து அனுப்பினால் அந்த மனிதர் என்ன ஆவார் என்று யோசித்ததால்தான், நம் அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' என்ற அறைகள் வந்தன. பரிசோதனைக்கு முன்னால் பேச, முடிவு வந்த பின்னால் பேச, அங்கே ஓர் ஆலோசகர் உட்கார்ந்திருப்பார். பெரிய மருத்துவமனைகளில் மூளைச்சாவு அடைந்தவரின் குடும்பத்தோடு பேச, உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் இருக்கிறார். 2023 செப்டம்பரில், உறுப்பு தானம் செய்தவர்களின் உடலுக்கு அரசு மரியாதை என்று தமிழக அரசு அறிவித்தது. ஒரு மரணத்தின் முன்னால் நின்று தலைவணங்குவது நிர்வாகத்தால் முடியாத காரியம் அல்ல என்று அதுவே காட்டிவிட்டது.

எச்.ஐ.வி-க்குப் பேச ஆள் இருக்கிறார். உறுப்பு தானத்துக்குப் பேச ஆள் இருக்கிறார். நெடுஞ்சாலையில் விழுந்தவரின் மனைவிக்கும், பிரசவத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கும், டயாலிசிஸ் மிஷினோடு வருடக்கணக்கில் வாழ்பவருக்கும் இல்லை.

பக்கத்து மாநிலத்தைப் பார்க்கலாம். கோழிக்கோட்டில் 1993-ல் ஒரு சிறு கிளினிக்காகத் தொடங்கிய வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சை இயக்கத்தின் பலமே பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள்தான். ஆசிரியர், ஆட்டோ ஓட்டுநர், ஓய்வுபெற்ற கிளார்க் என்று சாதாரண மனிதர்கள் நோயாளியின் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசப் பழகினார்கள். 2008-ல் கேரள அரசு அதற்கென்று தனிக் கொள்கையே வகுத்தது. நம்மிடமும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஆதரவுச் சிகிச்சைச் செவிலியர்கள் வீடு தேடிப் போகிறார்கள். அந்தக் கையின் இன்னொரு விரலை வார்டுக்குள்ளும் நீட்டலாம்.

அரியலூருக்கு இதில் ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி அங்கே இருக்கிறது. வருடத்துக்கு 150 எம்.பி.பி.எஸ் இடங்கள். கெட்ட செய்தியை நோயாளியிடம் எப்படிச் சொல்வது என்பதைப் பாடமாகவே வைத்திருக்கும் 2019-ம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் படித்தவர்கள்தான் அதன் முதல் மாணவர்கள். புதிய கல்லூரி, பழைய பழக்கங்கள் இன்னும் இறுகவில்லை. மரணத்துக்குப் பிறகு ஒரு நிமிட மௌனம் என்பதை அங்கே ஒரு வார்டில் தொடங்க எந்த அரசாணையும் வேண்டாம். டூட்டி மாறும் நேரத்தில் பத்து நிமிடம் சேர்ந்து டீ குடிப்பதற்கும் வேண்டாம். அவசரப் பிரிவுக்கு ஓர் ஆலோசகர் பணியிடம் என்பதற்குத்தான் அரசு கையெழுத்து போட வேண்டும்.

அதுவரை, இன்று இரவு ஏதோ ஒரு வராந்தாவில் இருந்தபடி இதைப் படிப்பவர்களுக்குக் கொஞ்சம். பத்துப் பேரும் தனித்தனியாகப் போய் டாக்டரைக் கேட்காமல், வீட்டில் ஒருவரைப் பேசுவதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க நினைப்பதை ஒரு காகிதத்தில் எழுதுங்கள், பதற்றத்தில் பாதி மறந்துவிடும். 'டாக்டரை எப்போ பாக்கலாம்?' என்று நர்ஸிடம் ஒரு நேரம் கேட்டு வாங்குங்கள். சொன்னது புரியவில்லை என்றால், 'நான் புரிஞ்சுக்கிட்டது சரியான்னு ஒருதடவை சொல்லிப் பாக்குறேன் சார்' என்று நீங்களே திருப்பிச் சொல்லிப் பாருங்கள். பக்கத்துக் கட்டில் அம்மா அழுதால், 'எல்லாம் நன்மைக்கே' என்று மட்டும் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

அரசின் மனநல ஆலோசனை எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். நோயாளியின் வீட்டாரும் அழைக்கலாம், நைட் டூட்டி முடித்து பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நர்ஸும் அழைக்கலாம்.